வடிவக்கா எழுதாத பதில்

ஆடி வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக் கேரியர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் தீபிகாவுக்கு உட்கார நேரம் கிடைத்தது. கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்து ஓயவில்லை. திருவேற்காட்டில் ஆடி மாதம் என்றால் அப்படித்தான். சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கடைப் போனில் அன்று வந்த செய்திகளையும் போன பதில்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஆவடி ரோஷினியின் பெயர் வந்ததும் விரல் நின்றது.

காலையில் ரோஷினி எழுதியிருந்தாள்: “அக்கா, பாப்பா ராத்திரிலேருந்து தூங்கிட்டே இருக்கா. பாலுக்கு எழுப்பினாலும் எழுந்திரிக்க மாட்டேங்கறா. கண்ணு மஞ்சளா தெரியுது. பயமா இருக்கு.”

அதற்குக் கீழே, அடுத்த நொடியே போயிருந்த பதில்: “பயப்படாத கண்ணு. பொறந்த புள்ளைங்க தூங்கத்தான் தூங்கும். தூங்குற புள்ளைய எழுப்பாத. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடு. சாயங்காலம் நானே வந்து பாக்கறேன்.”

தீபிகா இரண்டாம் முறை படித்தாள். ஒவ்வொரு சொல்லும் வடிவக்காவின் சொல். ஆனால் வடிவு அதை எழுதவில்லை. வடிவு உள்ளே மணையில் உட்கார்ந்து, நாளைக்கு வேண்டிய பூண்டை உரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு செய்தி வந்ததே அவளுக்குத் தெரியாது.

ரோஷினிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. “தாயே” என்று வாய் தானாக முணுமுணுத்தது.

அந்த வீட்டின் கீழ்ப்பகுதி முழுவதும் அடுப்பும் பாத்திரமும்தான். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து வீடுவீடாக அனுப்புவது வடிவின் தொழில். பூண்டுக் குழம்பு, கறிவேப்பிலைத் துவையல், பால் ஊறுவதற்குச் சுறாப் புட்டு, காலையில் ஓர் உருண்டை லேகியம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, தாயோ மாமியாரோ பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெற்றவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்குச் சோறு மட்டும் போதவில்லை. பேச ஓர் ஆளும் வேண்டியிருந்தது. வடிவு வாட்ஸ்அப்பில் பேசினாள். ஊர் முழுக்க அவளை வடிவக்கா என்றார்கள். கடைக்கும் அதுவே பெயரானது.

தீபிகாவும் அப்படி வந்தவள்தான். கரூர்க்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தாள். அயனம்பாக்கத்து ஃபிளாட்டில் மகன் பிறந்தபோது வடிவின் சோற்றைத்தான் சாப்பிட்டாள். வேலை போனதும் வடிவோடு கூட்டுச் சேர்ந்துகொண்டாள். பூந்தமல்லி, சென்னீர்குப்பம், ஆவடி என்று கடை வளர்ந்தது. வடிவின் கை எந்நேரமும் மாவிலும் எண்ணெயிலும் இருந்தது. பதில் வராத பெண்கள் மனம் சுணங்கினார்கள். அப்போதுதான் தீபிகா, பதில் எழுதும் ஏஐ ஒன்றைப் போனில் பொருத்தினாள்.

முதல் நாள் அது எழுதியது: “அன்பார்ந்த வாடிக்கையாளரே, உங்கள் தாய்மைப் பயணத்தில் எங்கள் ஊட்டச்சத்துமிகு உணவுடன் இணைந்தமைக்கு நன்றி.”

வடிவு வயிறு குலுங்கச் சிரித்தாள். “இது இன்னா, லோன் விக்கிறவன் கணக்கா பேசுது. புள்ள பெத்தவகிட்ட இப்டியா பேசுவாங்க?”

தீபிகாவுக்குத் தன் பழைய தொழில் தெரியும். ஒரு கடைக்கென்று ஒரு குரல் உண்டு, அதைச் சொல்லிக்கொடுத்தால் ஏஐ பிடித்துக்கொள்ளும். வடிவு பல மாதங்களாக எழுதிய செய்திகளை எல்லாம் எடுத்தாள். ‘கண்ணு’ என்று கூப்பிட வேண்டும், முதலில் தைரியம் சொல்ல வேண்டும், வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும் என்று விதி எழுதினாள். பூண்டு வாடைக்கும் தலைமுடி கொட்டுவதற்கும்கூட அது ‘மருத்துவரை அணுகவும்’ என்றே முடித்தது. அது எரிச்சலாக இருந்தது. சும்மா சும்மா டாக்டரிடம் அனுப்பாதே, ஓர் அக்கா மாதிரி பேசு என்று இன்னொரு விதி சேர்த்தாள்.

ஒரு வாரத்தில் அது வடிவாகவே பேசியது. வடிவு எழுதியதையும் ஏஐ எழுதியதையும் கலந்து காட்டி, உங்களுடையது எது சொல்லுங்கள் என்று தீபிகா கேட்டபோது வடிவால் பிரிக்க முடியவில்லை. இருவரும் மகிழ்ந்து போனார்கள். முதலில் ஒவ்வொரு பதிலையும் தீபிகா படித்துத்தான் அனுப்பினாள். ஆடி பிறந்து வேலை தலைக்கு மேல் போனதும், தானாகவே போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது போனை நீட்டியபடி வடிவின் முன் நின்றாள்.

“இன்னா தீபி, மூஞ்சியே சரியில்ல?” என்ற வடிவு கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் படித்தாள். பூண்டுத் தட்டு மடியிலிருந்து சரிந்தது. “நான் எங்கடி இத எழுதினேன்? எழுந்து பால் குடிக்காத புள்ளைய தூங்க வுடுன்னு நான் சொல்லுவனா?”

கேரியர் கொண்டுபோகும் பூபாலன் அப்போதுதான் தன் லோடு ஆட்டோவோடு திரும்பியிருந்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் ரோஷினியைப் பார்த்தாயா என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவன் விழித்தான். பிள்ளை உறங்கும் வீட்டில் மணி அடிக்கக் கூடாது, கேரியரைக் கம்பிக் கதவில் மாட்டிவிட்டு வந்துவிட வேண்டும் என்பது இந்தக் கடையின் வழக்கம். வடிவு வைத்த வழக்கம்தான்.

“காத்தால மாட்டுன கேரியரே அப்டியே கீதுக்கா” என்றான். “அது பக்கத்துலயே மதிய கேரியரையும் மாட்டிட்டு வந்துட்டேன். தூங்குறாங்கன்னு நெனச்சுகினேன்.”

வடிவு செருப்பைக்கூடத் தேடவில்லை. “வண்டிய எடு நைனா” என்றாள்.

முன்சீட்டில் பூபாலனுக்குப் பக்கத்தில் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தீபிகா ரோஷினியின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். அவள் கணவன் கிஷோருக்கும் போட்டுப் பார்த்தாள். அவன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். போனைக் கேட்டிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது அணைந்து கிடந்தது.

தெருமுனையில் வண்டி நின்றுவிட்டது. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் பால்குடம் எடுத்து வரும் பெண்கள் சாலை முழுக்க நிறைந்திருந்தார்கள். கயிறு பிடித்து நின்ற இளைஞர்கள் வண்டியைத் திரும்பச் சொன்னார்கள். திரும்ப இடமில்லை, பின்னாலும் வண்டிகள். தீபிகா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் ஒரு குழந்தை அசையாமல் படுத்திருந்தது. உடனே திறந்துகொண்டாள்.

வடிவு இறங்கிப் போய், முன்னால் வந்த ஒரு பெண்ணிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் தலையில் குடத்தோடு திரும்பி, பின்னால் வந்தவர்களிடம் ஒரு பச்சைப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாம் என்று சொன்னாள். அந்தச் சொல் வரிசையில் வாய் மாறி வாய் மாறிப் போனது. விரதமிருந்து, சுடும் தாரில் வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள், ஒருவரும் முகம் சுளிக்காமல் ஓரத்து மண்ணில் இறங்கி நின்றார்கள். இளைஞர்கள் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்கள். வண்டி ஊர்ந்து கடந்தபோது யாரோ ஒருத்தி கையை நீட்டித் தீபிகாவின் நெற்றியில் திருநீறு இட்டாள். “போய்ட்டு வாம்மா. ஆத்தா பாத்துப்பா” என்றாள். அவள் யாரென்று தீபிகாவுக்குத் தெரியாது. இனி எங்காவது பார்த்தாலும் தெரியாது.

காடுவெட்டி தாண்டிய பிறகுதான் வடிவு பேசினாள்.

“பயப்படாதன்னு நான் எழுதுவேன் தீபி. இல்லன்னு சொல்லல. எழுதிட்டு சும்மாவா குந்திகினு இருப்பேன்? ஒடனே போன் போட மாட்டனா? எடுக்கலன்னா ஓடிப் போவ மாட்டனா? அதெல்லாம் அதுல இல்லியா?”

அதில் இருந்தது. தீபிகாதான் எடுத்துவிட்டாள்.

வடிவின் பழைய செய்திகளில் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு சொற்கள்தான். ‘போன எடு.’ ‘ஆட்டோ ஏறிட்டேன்.’ ‘கீழ நிக்கிறேன், கதவத் தொற.’ ‘அந்த டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன், கெளம்பு.’ குரலைக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்த அன்று, இவற்றில் குரல் ஒன்றும் இல்லை, வெறும் குப்பை என்று தீபிகா ஒவ்வொன்றாக அழித்திருந்தாள். நீளமான, இனிமையான, ஆறுதலான செய்திகளை மட்டும் பொறுக்கிக் கொடுத்தாள். அக்காவின் கால் ஓடியதை எல்லாம் எடுத்துவிட்டு, வாய் பேசியதை மட்டும் அதற்குக் கற்றுக்கொடுத்தாள்.

அதை அப்படியே வடிவிடம் சொன்னாள். வடிவு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு, “நானுந்தான் நல்லா கீதுன்னேன். கை சும்மா கீதேன்னு சந்தோஷப்பட்டேன்” என்றாள். பிறகு சாலை முடியும்வரை அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

குவார்ட்டர்ஸில் ரோஷினியின் வீடு முதல் மாடி. கம்பிக் கதவில் ஒரே ஒரு கேரியர் தொங்கியது. வடிவு கதவைத் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கதவோடு காதை வைத்துக் கேட்டாள். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. எதிர்வீடும் பூட்டியிருந்தது. பூபாலன் தோளால் கதவை இடிக்கப் போனபோது கீழ்வீட்டிலிருந்து ஒரு பெரியவர் படியேறி வந்தார். எதிர்வீட்டுச் சபீனா அந்தப் பெண்ணையும் குழந்தையையும் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போய்விட்டாளாம். ரோஷினி நைட்டியோடு, கையில் போன்கூட இல்லாமல், வாரிச் சுருட்டிய குழந்தையோடு, அழுதுகொண்டே இறங்கினாளாம். குழந்தை எப்படி இருந்தது என்று தீபிகா கேட்டாள். அவர் தலையை அசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு என்ன பொருள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் போன இடத்தில் இல்லை. இரண்டாவது, கடைத்தெரு ஓரத்தில் இருந்த சிறிய குழந்தைகள் மருத்துவமனை. வாசலில் செருப்புகளுக்கு நடுவே யாரோ அவசரத்தில் ஜோடி மாற்றிப் போட்டு வந்த இரண்டு செருப்புகள் கிடந்தன. வடிவு அவற்றைத் தாண்டி ஓடினாள்.

மாடி வராந்தாவில் சபீனா நின்றிருந்தாள். கறுப்பு புர்காவின் கை முழுக்கக் குழந்தைக்குப் புகட்டப் பார்த்த பால் சிந்திக் காய்ந்திருந்தது. தாங்கள் யார் என்று இவர்கள் சொன்னதும் கையைக் காட்டினாள். கண்ணாடிக்கு அப்பால், நீல வெளிச்சத்தின் கீழே, கண்ணைத் துணியால் கட்டி, வெறும் உடம்பாக ஒரு குழந்தை கிடந்தது. அதன் வயிறு ஏறி இறங்கியது. தீபிகா அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறியது. இறங்கியது.

மஞ்சள் காமாலை மிகவும் ஏறிவிட்டதாகவும், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றும் டாக்டர் சொன்னாராம். இந்த வெளிச்சம் இறக்கிவிடும், ஆனால் தானாகக் கண் விழித்துப் பால் கேட்டு அழ வேண்டும், அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றாராம். கிஷோருக்குக் கேட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குழந்தைக்கு முடியவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று வடிவு கேட்டாள்.

“தெரியாதுக்கா” என்றாள் சபீனா. “காயப்போட்ட துணி எடுக்க வெளிய வந்தேன். காலைல தொங்கின கேரியர் மதியத்துது பக்கத்துலயே அப்படியே தொங்குச்சு. வெயில்ல கெட்டுப்போயிடுமே, நம்ம ஃபிரிட்ஜ்ல வைக்கலாம்னு அதக் கழட்டிக்கிட்டு, கேக்கத்தான் கதவத் தட்டினேன். அவ கதவத் தொறந்தப்பதான் புள்ளையப் பார்த்தேன்.”

அவ்வளவுதான். ஒரு வேளைச் சோறு வீணாகக் கூடாது என்று ஒரு பெண் நினைத்தாள். கடவுள் பெரிய கதவுகள் வழியாகத்தான் வர வேண்டும் என்றில்லை.

ரோஷினி பெஞ்சின் கோடியில் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வடிவைக் கண்டதும் எழுந்தாள்.

“தூங்கட்டும்னு நீங்க சொன்னீங்கக்கா. அதான் எழுப்பல. நீங்களே வரேன்னு சொல்லியிருந்தீங்க. அவர் இல்ல, அம்மா இல்ல, நீங்க வருவீங்கன்னுதான் புள்ளையப் பக்கத்துல போட்டுட்டு நானும் படுத்துட்டேன்.”

வடிவு வேறொன்றைச் சொல்லி மழுப்பியிருக்கலாம். கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன் என்றிருக்கலாம், அதுவும் பொய்யில்லை. தீபிகா முன்னால் வந்தாள்.

“ரோஷினி, அத அக்கா எழுதல. அக்கா மாதிரியே பதில் எழுதறதுக்கு போன்ல ஒரு ஏஐ போட்டிருக்கோம். அதுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். படிச்சுப் பார்க்காம விட்டதும் நான்தான்.”

ரோஷினி புரியாதவளாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்தபோது அவள் கேட்டது குழந்தையைப் பற்றி அல்ல.

“போன வாரம், பாலே வரல, நான்லாம் ஒரு அம்மாவான்னு எழுதினேனே. அதுக்கு வந்த பதில்?”

வடிவுக்குத் தெரியவில்லை. தீபிகாவைப் பார்த்தாள். தீபிகாவுக்குத் தெரியும். அந்தப் பதிலை அவள் படித்திருந்தாள், எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறது என்று வியந்தும் இருந்தாள்.

“அதுவும் அக்கா எழுதல” என்றாள்.

ரோஷினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வடிவு தொட வந்த கையைத் தட்டிவிட்டாள்.

உள்ளிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, அம்மா ஏதாவது சாப்பிட்டாளா, குழந்தை விழித்தால் பால் வேண்டுமே என்று கேட்டுவிட்டுப் போனாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சபீனா சொன்னாள். வடிவு பூபாலனைக் கூப்பிட்டு, குவார்ட்டர்ஸ் கதவில் தொங்கும் மதியக் கேரியரை எடுத்து வரச் சொன்னாள். சோறு வந்ததும் ரசம் விட்டுக் குழையப் பிசைந்து, ரோஷினிக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

“நான் எழுதலதான் கண்ணு” என்றாள். “ஆனா எம் பேரப் போட்டுத்தான் வந்துச்சு. சாயங்காலம் வரேன்னு எம் பேருல சொல்லிட்டாங்க. அதான் வந்துகீறேன். என்னைய நீ மன்னிக்க வாணாம். புள்ளைக்காவ வாயத் தொற.”

ரோஷினி வெகுநேரம் திரும்பவில்லை. வடிவின் நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு, முகத்தைத் திருப்பாமலே, வாயை மட்டும் திறந்தாள். கண்ணீரும் சோறுமாக விழுங்கினாள். அடுத்த உருண்டைக்கு வடிவு காத்திருந்தாள்.

தீபிகா படியிறங்கி வாசலுக்கு வந்தாள். ஏஐயை நிறுத்தினாள். நிறுத்தினால் போதாது என்று உடனே உறைத்தது. தானாகப் போகவிட்ட நாளிலிருந்து எத்தனை பெண்களுக்கு அது பயப்படாதே என்று சொல்லியிருக்கும்? அவர்களில் எத்தனை பேர் நம்பிப் படுத்திருப்பார்கள்? போனைத் தள்ளத் தள்ளப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

முதல் பெயரை அழுத்தினாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்தாள். தாயும் பிள்ளையும் நலம். இரண்டாமவள் எடுக்கவில்லை. தீபிகா மறுபடியும் போட்டாள். எடுக்கும்வரை போட்டாள். அவள் குளித்துக்கொண்டிருந்தாளாம். மூன்றாவது எண் சென்னீர்குப்பத்தில் ஒரு பெண்ணுடையது.

“வடிவக்காவா?”

“இல்லீங்க. நான் தீபிகா, அதே கடைதான். நீங்க முந்தாநாள் அனுப்பின செய்திக்குப் போன பதில அக்கா எழுதல. அதான் நேரா கேக்கலாம்னு கூப்பிட்டேன். எப்படி இருக்கீங்க?”

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கினாள். தையல் போட்ட இடத்தில் வலி. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அப்போது மாடிப்படியில் சபீனா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

“அழறா” என்றாள். “பாப்பா அழறா. வாங்க.”

மாடியிலிருந்து மெலிதாக, கோபமாக, அந்த அழுகை கேட்டது. தீபிகாவின் கண் நிறைந்தது. சபீனாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“சொல்லுங்க” என்றாள் சென்னீர்குப்பத்துப் பெண்ணிடம். “காய்ச்சல் இருக்கா? வீட்ல கூட யார் இருக்காங்க?”